வட்டம் சுற்றும்போது கம்ப்யூட்டர் யாருக்காகக் காத்திருக்கிறது?

“ஏனுங்க, பாஸ்வேர்டு போட்டா வட்டம் சுத்திட்டே இருக்குதுங்க. டீ குடிச்சுட்டு வந்தாக்கூட டெஸ்க்டாப் வர்றதில்லீங்க.”

உடுமலையில் நூற்பாலை அலுவலகமோ, கொப்பரை மண்டியின் கணக்கறையோ, எங்கே போனாலும் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவனிடம் முதலில் வரும் புகார் இதுதான். கூடவே வரும் தீர்ப்பும் பழகியதுதான்: ராம் பத்தவில்லை, ஃபார்மேட் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புது சிஸ்டம் வாங்கிவிடலாம். தளி ரோட்டில் ஏதாவது ஒரு பேக்கரியில் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்காருவோம். சிஸ்டத்துக்குச் செலவு செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியதை நிதானமாகச் சொல்கிறேன்.

வேகம் குறைந்த கம்ப்யூட்டர் வேறு, காத்திருக்கும் கம்ப்யூட்டர் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெட்டியின் முன்பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் விளக்கு இருந்தால் அதைக் கவனியுங்கள். வட்டம் சுற்றும்போது அது விடாமல் துடித்துக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது, பாவம், திணறுகிறது. விளக்கு துடிக்காமல் அணைந்தே இருந்தால் கம்ப்யூட்டர் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. நான் பார்த்த அலுவலகங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். நிற்கிற கம்ப்யூட்டருக்கு ராம் போட்டால் அது கூடுதல் ராமோடு நிற்கும், அவ்வளவுதான்.

யாரிடம் கேட்கிறது? சர்வரோடு சேர்த்த அலுவலகத்தில் உங்கள் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது மேஜையில் இருக்கும் பெட்டி அல்ல. விண்டோஸ் 2000 கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரி ஏற்பாட்டில் அந்த வேலை டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வருடையது. அந்த சர்வர் எங்கே இருக்கிறது என்று உங்கள் கம்ப்யூட்டர் முதலில், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் விசாரிக்கும். பிறகு அதனிடம் அடையாளச் சீட்டு வாங்கும். குரூப் பாலிசி என்ற அலுவலக விதிகளைப் படிக்கும். பொது டிரைவ்களையும் பிரிண்டர்களையும் மாட்டும். சில அலுவலகங்களில் உங்கள் டெஸ்க்டாப்பையே சர்வரிலிருந்து கொண்டுவரும். இந்த வரிசையில் ஒருவர் பதில் சொல்லாவிட்டாலும், நின்றுபோன பஸ்ஸுக்கு ஸ்டாப்பில் காத்திருப்பவரைப் போல அது குறித்த நேரம் முழுக்க நின்றுவிட்டுத்தான் நகரும்.

முதல் சோதனைக்குக் காசு தேவையில்லை. நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபை இருந்தால் அணைத்துவிடுங்கள், பிறகு லாகின் செய்யுங்கள். அதே கம்ப்யூட்டரில் முன்பு நுழைந்தவர் என்றால் உள்ளே விட்டுவிடும். கடைசியாக வந்த 10 பேரின் அடையாளத்தை விண்டோஸ் வழக்கமாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கேபிள் இல்லாமல் சட்டென்று நுழைந்தால் பெட்டியில் கோளாறு இல்லை, தாமதம் கம்பிக்கு அந்தப் பக்கம். கேபிள் இல்லாமலும் இழுத்தால் பெட்டிக்குள்ளேதான் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கம்பிக்கு அந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது டிஎன்எஸ்ஸைத்தான். அலுவலகத்தின் உள் பெயர்கள் அலுவலக சர்வருக்கு மட்டுமே தெரியும். வெளியே இன்டர்நெட்டில் இருப்பவருக்கு அவை தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் என்றோ ஒருநாள் இன்டர்நெட் வரவில்லை என்று வந்த சர்வீஸ் பையன், இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், அன்று இன்டர்நெட் வந்தும் இருக்கும். அலுவலக சர்வர் ஒரு கணம் பதில் சொல்லத் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவது எண்ணுக்குத் தாவும். கூகுள் “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று சொல்லும். தன் சர்வரைத் தேடி கம்ப்யூட்டர் அலையத் தொடங்குவது அப்போதுதான். ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் மெதுவாகவும் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அலுவலகத்தின் டிஎன்எஸ் சர்வர் மட்டுமே இருக்க வேண்டும். கூகுளிடம் கேட்க வேண்டியதை அந்த சர்வர் தானே கேட்டுத் தரும்.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும் ஆடி மாதத்தில் காற்றாலைகள் சுற்றுவது ஒரு பக்கம், லைனில் மரக்கிளை உரசிக் கரண்ட் போய் வருவது இன்னொரு பக்கம். யூபிஎஸ் தாங்காத அலுவலகத்தில் எல்லாமே அணைந்து, கரண்ட் வந்ததும் எல்லாமே ஒன்றாக எழும். மேஜைக் கம்ப்யூட்டர் சீக்கிரம் எழுந்துவிடும், சர்வருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அலுவலகத்தில் ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர் இருந்து, டிஎன்எஸ்ஸும் அதிலேயே இருந்தால், அது தன் முகவரியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டு இன்னும் தாமதிக்கும். அதற்குள் நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்தால் விண்டோஸ் தேடித் தேடிப் பார்த்து, கடைசியில் பழைய நினைவிலிருந்து உள்ளே விடும். டேலி கோப்பு இருக்கும் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் நடந்தது இதுதான். முதலில் நெட்வொர்க் ஸ்விட்ச், பிறகு சர்வர், அது முழுக்க எழுந்த பிறகு மற்றவை என்று ஒரு தாளில் எழுதி மெயின் போர்டு அருகே ஒட்டி வையுங்கள். சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் தனி யூபிஎஸ் போட முடிந்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இருக்காது.

தாமதத்தின் கால அளவும் பேசும். தினமும் அச்சடித்தாற்போல 30 விநாடி என்றால், எங்கோ ஒரு காத்திருப்பு நேரம் முடிகிறது என்று பொருள். சில ஸ்விட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ என்ற பாதுகாப்பு இருக்கும். கேபிளில் உயிர் வந்ததும், சுற்றுப்பாதை ஏதும் இல்லையா என்று பழைய முறையில் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, அதன் பிறகே அது வழிவிடும். கம்ப்யூட்டர்கள் மட்டும் இருக்கும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் என்ற அமைப்பை இயக்கினால் அந்த 30 விநாடி மிச்சம். தூக்கிப்போட்ட பிரிண்டரும் கழற்றிவிட்ட பழைய சர்வரின் டிரைவும் லாகினின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டில் இன்னும் இருந்தால் அதே கதைதான்.

மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் தாமதம் வேறு வகை. அது ஒரே ஒருவருக்கு மட்டும், அவர் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் வந்தால், அவருடைய டெஸ்க்டாப்பைப் பாருங்கள். ரோமிங் புரொஃபைல் உள்ள அலுவலகத்தில், சர்வரில் புதிதாகவோ மாறியோ இருப்பதெல்லாம் நுழையும்போது இறங்கும், அவர் மாற்றியதெல்லாம் வெளியேறும்போது ஏறும். அவர் இதுவரை உட்காராத கம்ப்யூட்டர் என்றால் மொத்தமும் இறங்கும். ஸ்கேன் செய்த பில்கள், பேரன் காதுகுத்துப் படங்கள் என்று 2 ஜிபி சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 மெகாபிட் கம்பியில் அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் போகும். எல்லாம் சரியாக நடந்தாலே 160 விநாடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். காலை ஒன்பதரைக்கு இருபது பேர் ஒரே சர்வரிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபோல்டர் ரீடைரக்ஷன் என்ற அமைப்பில் கோப்புகள் சர்வரிலேயே இருக்கும், தேவைப்படும்போது மட்டும் திறக்கும். இதற்கு அது போதும்.

ஆலை அலுவலகங்களில் கேபிளையும் பார்க்கச் சொல்வேன். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. பஞ்சுத் தூசி படிந்த சாக்கெட், கிரிம்ப் தளர்ந்த முனை, குடோன் வரை 100 மீட்டர் எல்லையைத் தாண்டி இழுத்த கேபிள், எல்லாமே லாகினில்தான் முதலில் தெரியும்.

கோவையில் தலைமை அலுவலகமும் உடுமலையில் கிளையும் உள்ளவர்கள் கமாண்ட் பிராம்ப்டில் ‘செட் லாகான்சர்வர்’ என்று அடித்துப் பாருங்கள். இங்கே சர்வர் இருந்தும் கோவை சர்வரின் பெயர் வந்தால், ஆக்டிவ் டைரக்டரியின் சைட் பட்டியலில் உடுமலை ஐபி எண்கள் சேர்க்கப்படவில்லை என்பது பெரும்பாலும் உறுதி. கம்ப்யூட்டரின் நேரத்தையும் பாருங்கள். அடையாளச் சீட்டு தரும் கெர்பரோஸ் முறை சர்வர், கம்ப்யூட்டர் இரண்டின் கடிகாரங்களுக்கு நடுவே வழக்கமாக 5 நிமிட வித்தியாசம்வரைதான் பொறுக்கும். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்து நேரம் தப்பினால் அங்கேயும் சிக்கல்தான்.

இவை எதுவும் இல்லாமல், கேபிள் கழற்றியும் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள். அங்கே செலவு செய்வது நியாயம்.

ஒரு வேலை மட்டும் உங்களுடையது. யாருக்கு, எந்த மேஜையில், எத்தனை விநாடி என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். சர்வீஸ் செய்பவர் வந்ததும் ராம் விலையைக் கேட்க வேண்டாம். ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லுங்கள். சிஸ்டம் பதிவில் 5719 இருந்தால் சர்வர் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அப்ளிகேஷன் பதிவில் 6006 இருந்தால், லாகினின் எந்தப் பகுதி எத்தனை விநாடி இழுத்தது என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கும். அதைக் காட்டாமல் ஃபார்மேட் அடிக்கலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள்.