பாண்டவர் குழியில் இருப்பது யார்?

மூன்று பக்கம் பலகைக் கற்கள். மேலே கூரையாக ஒரு பெரிய கல். பார்த்தால் குட்டி வீடு மாதிரி இருக்கும். ஆனால், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது!

கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறை, தாண்டிக்குடி பக்கம் போனால் இப்படிப்பட்ட கல் வீடுகளைப் பார்க்கலாம். 'பாண்டவர்கள் வனவாசத்தின்போது தங்கிய இடம்' என்பார்கள் சிலர். 'குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு' என்பார்கள் வேறு சிலர். பாண்டவர் குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர்!

உண்மையில் அங்கே யாரும் வாழவில்லை குட்டீஸ். 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு இறந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட ஈமச் சின்னங்கள் அவை. தரைக்கு மேலே இருந்தால் 'கல்திட்டை'. மண்ணுக்குள் பெட்டி போல இருந்தால் 'கற்பதுக்கை'. சுற்றிலும் வட்டமாகக் கல் அடுக்கியிருந்தால் 'கல்வட்டம்'.

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் உள்ள வேல்ஸ் நாட்டிலும் கல்திட்டைகள் உண்டு. அவை நம்முடையதை விட மிகப் பழையவை. அங்குள்ள ஒன்றை 'ஆர்தர் மன்னரின் கல்' என்கிறார்கள். நமக்குப் பாண்டவர், அவர்களுக்கு ஆர்தர்!

மலையில் கல், சமவெளியில் மண்

மலையில் பலகைக் கல் கிடைத்தது. மதுரையைச் சுற்றியுள்ள வைகைக் கரையில் கிடைத்தது களிமண். அதனால் அங்கே பெரிய பானை செய்து, அதில் இறந்தவர்களை வைத்துப் புதைத்தார்கள். இதுதான் முதுமக்கள் தாழி.

மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தூரத்தில் உள்ளது கீழடி. அங்கே வாழ்ந்தவர்களின் இடுகாடு, பக்கத்து ஊரான கொந்தகை. 2020இல் தமிழக தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது. வரிசையாகத் தாழிகள் வெளிவந்தன. 2022இல், 80 என்று எண் இட்ட ஒரு தாழிக்குள் 74 சூதுபவள மணிகள் இருந்தன! சிவப்பாகப் பளபளக்கும் கல் மணிகள் அவை.

கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் முகங்களை உருவாக்கினார்கள். அந்தப் படங்கள் 2025இல் வெளியாயின. அன்றைய வைகைக்கரை மனிதர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நாம் பார்க்க முடிகிறது!

நகர்ந்தால் போச்சு!

தாழியும் மணியும் ஒரே இடத்தில் கலையாமல் இருந்ததால்தான், 'இவருடன் இந்த மணிகளை வைத்தார்கள்' என்று சொல்ல முடிந்தது. யாராவது முன்பே தோண்டி எடுத்திருந்தால்? அவை வெறும் 74 மணிகள், அவ்வளவுதான்!

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி அருகே உள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றிலும் தமிழி எழுத்து! மாடுபிடிச் சண்டையில் இறந்த ஒரு வீரரின் பெயர்கூட ஒரு கல்லில் இருக்கிறது. எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை இவையே என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால், அந்த ஊரின் பழைய ஈமக்காடு அதற்கு முன்பே சிதைந்துபோயிருந்தது. மிஞ்சியதில் மூன்று கிடைத்தன. போனதில் எத்தனை பெயர்கள் இருந்தனவோ!

கல் உடைக்கும்போதும், நிலத்தைச் சமன் செய்யும்போதும், புதையல் ஆசையில் தோண்டும்போதும் இப்படித்தான் ஈமச் சின்னங்கள் அழிகின்றன.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர்ப் பக்கம் வட்டமாகக் கற்கள் புதைந்திருக்கிறதா? மழைக்குப் பிறகு பெரிய பானையின் வாய் மண்ணில் தெரிகிறதா? தொடாதீர்கள், தோண்டாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு மதுரை வந்தால், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே பார்த்துவிட்டால், உங்கள் ஊர்க் காட்டில் கிடக்கும் கருப்பு சிவப்புப் பானை ஓட்டை அடுத்த முறை காலால் எத்தமாட்டீர்கள்!