கிணறுகள் தாங்கும் கோபுரம்

குஜிலியம்பாறைப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் இன்டர்ன்ஷிப்புக்காகச் சென்னை போயிருக்கிறார். சனிக்கிழமை மெரினாவும் மியூசியமும் சுற்றிவிட்டு, ஞாயிறு காலை ஆராதனைக்கு எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் போனாராம். "இந்தச் சர்ச் கிணறுகள் மேலே நிற்கிறதாமே, நிஜமா? நம்ம ஊரில் வீட்டுப் பக்கத்தில் கிணறு வெட்டவே பயப்படுவார்களே" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

நிஜம்தான். 1818-இல் தொடங்கி 1821-இல் திறந்த கட்டடம் அது. கட்டியவர் மேஜர் டி ஹாவிலண்ட். நீல விதானத்தையும் பதினாறு தூண்களையும் அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. எனக்கு ஆசை தரைக்குக் கீழே.

அந்த இடம் இளகிய மண், மழை வந்தால் தண்ணீர் தேங்கும். அங்கே சுமார் 166 அடிக் கோபுரத்தை நிறுத்த வேண்டும். அதற்காக 14 அடி முதல் 50 அடி ஆழம் வரை ஏறக்குறைய 150 கிணறுகளை இறக்கினார்கள். இது சீமையிலிருந்து கப்பலில் வந்த வித்தையல்ல. கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் வயது புரியும். தாஜ்மகாலின் அடியிலும் கிணறுகளே.

நம் பக்கம் கிணறு என்றால் பாறை, வெடி, கம்ப்ரசர். இளகிய மண்ணில் வேலையே வேறு. குழி தோண்டிவிட்டு உள்ளே கட்டுவதில்லை. தரையிலேயே வட்டமாகக் கட்டி, அதன் வயிற்று மண்ணை அள்ளுகிறார்கள். தன் எடையாலேயே அந்த வளையம், அதாவது உறை, இறங்கும். இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டே போவார்கள். அடி விளிம்பு ஆப்பு போலக் கூராக இருக்கும். ஊற்று பொங்கிவிட்டால் ஆள் முங்கித்தான் மண் எடுக்க வேண்டும்.

இதில் நான் சொக்கிப்போவது சாய்ந்த உறையை நிமிர்த்தும் விதத்தில். ஒரு பக்கம் சீக்கிரம் இறங்கிவிட்டால் அதைத் தூக்கிவிட முடியாது. தூக்கலாக நிற்கும் பக்கத்தின் அடியில் மண்ணைக் கூடுதலாகத் தோண்டி, அதே பக்கம் மேலே பாரம் ஏற்றுவார்கள். முனகிக்கொண்டே அதுவும் இறங்கிச் சமமாகும். அளவு தப்பினால் மறுபக்கம் சாயும். ஆற்றுப்பாலங்களுக்கு இன்றும் கிணற்று அஸ்திவாரம் போடுகிறார்கள். இயந்திரங்கள் மாறியிருக்கின்றன, இந்தச் சூட்சுமம் மாறவில்லை.

கிணறு எப்படிப் பாரம் தாங்கும்? சிறுவயதில் குடகனாற்று மணலில் காலைத் திருகித் திருகி முழங்கால்வரை புதைத்துக்கொண்டு, தள்ளு பார்க்கலாம் என்று நிற்போம். பாதத்துக்குக் கீழே மணல் தாங்கும். பக்கத்து மணல் காலைக் கவ்வும். அந்த இரண்டு தாங்கலும்தான் இங்கேயும்.

கிர்க்கை எழுப்பியவர்கள் மண்ணைப் படித்த பிறகே கட்டினார்கள். இன்று முகப்புக்கு கிரானைட் ஒட்ட லட்சம் செலவழிப்பவர்கள், மண் பரிசோதனை என்றால் முகம் சுளிக்கிறார்கள். தூர்த்த குளத்தின் மேல் பில்லர் எழுப்பிவிட்டு, இரண்டாம் வருடம் சுவர் விரிசலுக்குக் கொத்தனாரைத் திட்டுகிறார்கள். வறண்ட கிணறுகளோ கோழிக்கழிவு கொட்டும் குழிகளாகிவிட்டன. உறை இறக்கத் தெரிந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுக்க இப்போது ஆளில்லை.

தங்கச்சி, அடுத்த ஞாயிறும் போனால் ஆராதனை முடிந்ததும் வெளியே வந்து கட்டடத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். சுவர் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். செல்ஃபி அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.