வயிற்றுப்போக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலும்

பச்சிளங்குழந்தையின் உடலெடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரே. ஆகவே வயிற்றுப்போக்கு சில மணி நேரத்திலேயே குழந்தையைத் தளர்த்திவிடும். ஜவ்வாது மலையின் தொலைவான ஊர்களிலிருந்து ஜமுனாமரத்தூர் வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். எனவே சிகிச்சையை வீட்டிலேயே தொடங்குமாறு வலியுறுத்துகிறோம்.

வெறும் நீர் ஏன் போதாது? மலத்தோடு சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளும் வெளியேறுகின்றன. சிறுகுடற்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் இணைத்தே உள்ளே ஏற்றும் வாயில்கள் உள்ளன. அவ்விரண்டும் உட்செல்லும்போது நீரும் பின்தொடர்கிறது. நோயுற்ற குடலிலும் இவ்வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1971ஆம் ஆண்டு மேற்கு வங்க எல்லையில் அகதிகளிடையே காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்தே பல உயிர்களைக் காத்தார்.

பொட்டலம் முழுவதையும், அதில் குறித்துள்ள அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரையுங்கள். நீர் குறைந்தால் உப்பு மிகும். கூடுதல் சர்க்கரை சேர்த்தால் போக்கு அதிகரிக்கும். சிறிது சிறிதாகப் புகட்டுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 24 மணி நேரத்துக்குப்பின் எஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், குடிக்க இயலாமை, மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். குழந்தை விழித்திருந்தால் வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே வாருங்கள்.