பிராசசரின் ஆயுள்

சங்க அலுவலகங்களில் கணிப்பொறி இடம்பெற்ற பின்னர், நிர்வாகக் குழுக் கூட்டங்களில் ஒரு பிரேரணை அடிக்கடி வருகிறது. யந்திரம் வாங்கி ஆறேழு ஆண்டுகள் ஆகிவிட்டன, வேலை மந்தமாகிறது, சில வேளை தானே நின்றுவிடுகிறது. பிராசசர் தேய்ந்து போயிற்று, புதிது வாங்கலாம் என்பார்கள். அங்கத்தினர் பணத்தைச் செலவிடுமுன் இதைச் சற்று ஆராய்தல் நலம்.

பிராசசர் என்பது கணிப்பொறியின் கணக்குகளையெல்லாம் போடும் சிலிக்கான் சில்லு. தறியின் பற்சக்கரத்தைப்போல் உராய்ந்து தேயும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. ஆயினும் மூப்பு உண்டு. அதனுள் ஓடும் உலோகக் கம்பிகள் தலைமயிரைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லியவை. அவற்றில் மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்களின் ஓட்டம், வாய்க்கால் நீர் கரைமண்ணை அரிப்பதுபோல, உலோக அணுக்களைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் செல்கிறது. பல்லாண்டுகளில் ஓரிடம் குழியாகிக் கம்பி அறுபடலாம். மோட்டரோலா நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளாக் 1960-களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு சமன்பாடு வகுத்தார். அதன்படி மின்னோட்டத்தின் நெருக்கம் இரட்டித்தால் ஆயுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். உஷ்ணம் ஏற ஏறவோ ஆயுள் மளமளவென்று குறையும். மிகையான மின்னழுத்தமும் சில்லினுள் உள்ள நுண்ணிய காப்புப் படலங்களைப் பழுதாக்கும்.

இவ்வளவும் உண்மையே எனினும், முறையாக நடத்தப்படும் பிராசசர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைப்பது சாதாரணம். 1980-களில் விற்பனையான வீட்டுக் கணிப்பொறிகளில் சில இன்றும் இயங்குகின்றன. விதிவிலக்கும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசசர்களில் சில, வாங்கிய சிறிது காலத்திலேயே நிலைதடுமாறின. உள்ளே பதிந்த கட்டளைத் தொகுதியின் பிழையால் அவை வேண்டியதற்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றன என்று 2024-இல் அந்நிறுவனம் அறிவித்தது. திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதுற்ற சில்லுகளை அத்திருத்தம் மீட்கவில்லை.

பெரும்பாலான சமயங்களில் குற்றவாளி வேறொருவர். நெசவுக் கூடத்தை அடுத்த அறையில் பஞ்சுத் தூசி விசிறியையும் அதன் கீழுள்ள உலோகச் சிறகுகளையும் அடைத்துக்கொள்ளும். சில்லுக்கும் சிறகுகளுக்கும் இடையே தடவிய பசை ஆண்டுகள் செல்ல உலர்ந்துபோகும். உஷ்ணம் ஏறக்குறைய 100 டிகிரி சென்டிகிரேடை எட்டினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மேலும் ஏறினால் யந்திரத்தையே நிறுத்திவிடும். நாம் மூப்பு என்று எண்ணுவது பல வேளை இந்தத் தற்காப்பே. தூசியை அகற்றிப் புதுப் பசை தடவச் செலவு சொற்பம். மின்சாரம் வழங்கும் பெட்டியிலுள்ள கண்டென்சர்களும் வெப்பத்துக்கு அஞ்சுபவை. 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும்.

உழைக்கக்கூடிய பிராசசரை ஓய்வுபெறச் செய்வது இன்னொன்று: மென்பொருள். விண்டோஸ் 10-க்கான பொதுவான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 பழைய பிராசசர்களில் பலவற்றை ஏற்பதில்லை. இன்டெல் வகையில் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே பட்டியலில் உள்ளன. ஆகவே பிரேரணை வந்தால், சில்லின் தலைமுறை எண்ணையும் உஷ்ண அளவையும் மெக்கானிக்கிடம் எழுத்து மூலம் பெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.