கழுத்துச் சிரையில் ஒரு பலூன்

2009 நவம்பரில் கனடாவின் சிடிவி தொலைக்காட்சியில் வந்த ஒரு நிகழ்ச்சி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் இருந்த வீடுகளை உலுக்கியது. நம் உடலின் எதிர்ப்பணுக்களே நரம்பிழைகளின் மேலுறையைத் தின்றுவிடும் நோய் அது. நடை தளரும், பார்வை மங்கும், காரணமில்லாத அசதி ஆளைச் சாய்க்கும். உலகிலேயே இந்த நோய் அதிகமாகக் காணப்படும் நாடுகளுள் கனடாவும் ஒன்று.

அந்த நிகழ்ச்சியில் இத்தாலியின் ஃபெராரா நகர ரத்தநாள மருத்துவர் பாவ்லோ ஜம்போனி சொன்னது இதுதான்: மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் கழுத்துச் சிரைகள் இவர்களுக்குச் சுருங்கியிருக்கின்றன; ரத்தம் தேங்கி இரும்பு படிகிறது; பலூனை விட்டுச் சிரையை விரித்தால் நிலைமை சீராகும். அவர் மனைவிக்கும் இதே நோய் என்பதால் அந்தப் பேச்சில் ஒரு தவிப்பு இருந்தது. தான் பார்த்த 65 நோயாளிகள் அனைவருக்கும் இந்த அடைப்பு இருந்தது, மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை என்றார். உயிரியலில் இவ்வளவு துல்லியமான கணக்கு வந்தால் சந்தேகம்தான் முதலில் எழ வேண்டும்.

கனடாவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்கவில்லை. போலந்து, கோஸ்டாரிகா, மெக்சிகோ, இந்தியா என்று நோயாளிகள் விமானம் ஏறினார்கள். ஊரில் நிதி திரட்டிப் போனவர்களும் உண்டு. சிலருக்குச் சிரை மீண்டும் சுருங்காமலிருக்க வைத்த ஸ்டென்ட் குழாய் இடம் பெயர்ந்தது, சிலருக்குச் சிரையில் ரத்தம் உறைந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளிப்படையாகவே எச்சரித்தது. சிக்கலோடு திரும்பியவர்களைத் தொட்டுப் பார்க்க உள்ளூர் மருத்துவர்கள் சிலர் தயங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. தவறான சிகிச்சைக்குப் போனவருக்கும் சரியான வைத்தியம் பெறும் உரிமை உண்டு.

போய்வந்த பலர் "கை கால் லேசாகிவிட்டது" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பலருக்கு இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். மிக மோசமான நாளில்தான் மனிதர் கடைசி முயற்சிக்குக் கிளம்புவார். அதன்பின் வரும் இறக்கம் சிகிச்சையின் கணக்கில் சேர்ந்துவிடும். பெரும் செலவும் எதிர்பார்ப்பும் அதற்குத் துணை நிற்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழிதான் இருந்தது: யாருக்குச் சிகிச்சை என்று தெரியாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது. கனடாவின் நான்கு நகரங்களில் 104 பேர் அதற்கு உடன்பட்டார்கள். எல்லோருக்கும் சிரைக்குள் குழாய் செலுத்தப்பட்டது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டுமே பலூன் விரிக்கப்பட்டது. தனக்கு விரித்தார்களா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரியாது, பிறகு அவரைப் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. 2017 மார்ச்சில் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஆன்டனி டிரபௌல்சி முடிவை அறிவித்தார்: இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. அதற்கு முன்பே, சிரைச் சுருக்கம் நோயில்லாதவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவு காணப்படுவதை அவர் குழு காட்டியிருந்தது. ஜம்போனி தானே நடத்திய பெரிய ஆய்விலும் பலன் தென்படவில்லை. அதை மறைக்காமல் அதே ஆண்டில் அவர் வெளியிட்டார்.

அந்த 2017 மார்ச்சில்தான், எதிர்ப்பணுக்களில் ஒரு வகையான பி அணுக்களைக் குறிவைக்கும் ஓக்ரிலிசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது.