கத்தி பிடிக்கும் கை

நம் வியாபாரத்தில் தராசுக்கு அடுத்தபடியாக அதிகம் கையில் ஏறும் சாமான் கத்திதான். வாழைத்தாரைச் சீப்பு சீப்பாக அறுக்க, காலிஃப்ளவரில் இலை கழிக்க, முட்டைக்கோஸின் வாடிய மேலிலையை நீக்க, பரங்கிக்காயைப் பத்தை போட, சேனைக்கிழங்கை இரண்டாக்க என்று, விடியற்காலை லாரி வந்து நின்றது முதல் கத்திக்கு ஓய்வில்லை. தராசுக்குத் தவணை தவறாமல் முத்திரை வைக்கிறோம். கத்திக்கோ ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைப்பதோடு சரி.

கொத்தவால் சாவடியில் இருந்த காலத்திலும் சரி, 1996இல் கோயம்பேட்டுக்கு மார்க்கெட் மாறிய பிறகும் சரி, நாங்கள் பார்த்த வெட்டுக்காயங்களில் பாதிக்கு மேல் மழுங்கிய கத்தியால் வந்தவை. 'மொண்ணைக் கத்திதானே, என்ன செய்துவிடும்' என்று பையன்கள் நினைக்கிறார்கள். கூர் உள்ள கத்தி காய்க்குள் தானாக இறங்கும். மழுங்கல் கத்தியை உடல் பலத்தால் அழுத்த வேண்டியிருக்கிறது. தோலில் வழுக்கியதும் அத்தனை பலமும் இடது கையின் மேல்தான் பாயும். சாணை பிடிப்பவருக்குக் கொடுக்கும் காசைக் கணக்குப் பார்ப்பவர்கள், விரலுக்குத் தையல் போடும் செலவையும் அந்தப் பையன் வராத நாட்களையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

காய்களில் மிகவும் பொல்லாதது பரங்கிக்காய். உருண்டை, கெட்டித் தோல், ஒரு இடத்தில் நிற்காது. எங்கள் வரிசையில் ஒரு கடையில், பாதி இறங்கிச் சிக்கிய கத்தியை வெளியே இழுக்க ஒரு பையன் காயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இழுத்தான். கத்தி விடுபட்ட வேகத்தில் உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. தோல் ஆறிய பிறகும் அவனுக்குச் சுண்டுவிரல் மடங்கவில்லை, உள்ளே நரம்பும் தசைநாரும் அறுந்திருந்தன. மூட்டை தூக்கிப் பிழைக்கும் கைக்கு இது சிறிய நஷ்டமல்ல. முதலில் காயின் அடியில் ஒரு சீவல் சீவித் தட்டையாக்கி, ஈரச் சாக்கு விரித்த பலகை மேல் அசையாமல் நிறுத்த வேண்டும். இரண்டாகப் பிளந்ததும் வெட்டிய முகத்தைக் கீழே கவிழ்த்துப் பத்தை போட்டால் காய் உருளாது. கத்தி சிக்கினால் காயோடு சேர்த்துப் பலகையில் வைத்து, மெதுவாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சேனைக்கும் பலாவுக்கும் வேறு தொல்லை. அரிப்புக்கும் பாலுக்கும் பயந்து கையில் எண்ணெய் தடவிக்கொள்வது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் எண்ணெய் கைப்பிடியிலும் ஏறிவிடுகிறது. கத்தியின் அலகில் தடவலாம், காயைப் பிடிக்கும் கையில் தடவலாம். கைப்பிடியைப் பிடிக்கும் கை மட்டும் உலர்ந்திருக்க வேண்டும். பிடியில் பழந்துணி சுற்றுவதும் உதவும்.

மலைப் பகுதியிலிருந்து வரும் வெண்ணெய்ப்பழம் இப்போது நகரங்களில் நன்றாகப் போகிறது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, கொட்டையைக் கத்தி முனையால் குத்தி எடுப்பதால் வெளிநாடுகளில் ஏராளமானோர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டில், இந்தப் பழத்தின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று அறுவை மருத்துவர் ஒருவர் கேட்கும் அளவுக்குப் போயிற்று. கொட்டையை ஸ்பூனால் எடுத்தால் போதும் என்று சில்லறைக் கடைக்காரர்கள் வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.

அரிவாள்மணை நம் வீடுகளின் பழைய துணை. காயை இரண்டு கையாலும் பிடிக்க முடிவது அதன் சிறப்பு. வேலை முடிந்ததும் மடக்காமல், சாய்க்காமல் நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து போவதுதான் ஆபத்து. கடையில் இதே தவறு வேறு உருவத்தில் நடக்கிறது: கழித்த இலைக் குவியலுக்குள்ளும் காலிச் சாக்குக்குள்ளும் கத்தியைப் போட்டுவிடுகிறார்கள். பெருக்க வரும் அம்மாவின் கைதான் அதைக் கண்டுபிடிக்கிறது. சுவரில் ஓர் ஆணி அடித்து, கத்திக்கு அதுதான் இடம் என்று சொல்லிவிட வேண்டும். கை தவறி விழும் கத்தியைப் பிடிக்கப் போகவே கூடாது, விழட்டும் என்று காலை விலக்கிக்கொள்ள வேண்டும். வெட்டுத் தாங்கும் கையுறைகள் இப்போது கிடைக்கின்றன. இடது கைக்கு நல்லவை, ஆனால் முனையால் குத்தினால் அவையும் தாங்கா.

வெட்டுப்பட்டுவிட்டால், காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். அழுக்கு சேர்வதோடு, டாக்டர் காயத்தைப் பார்க்கவும் முடியாமல் போகிறது. சுத்தமான துணியை வைத்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும். மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். ரத்தம் நிற்காவிட்டாலும், விரல் மரத்துப்போனாலும், மடக்க நீட்ட முடியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். மண்ணும் சாக்கும் புழங்கும் இடத்துக் காயம் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

விரலே துண்டானால், அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து, ஆளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஐஸ் துண்டின் மேல் நேரடியாகப் படக்கூடாது, பட்டால் சதை கெட்டுவிடும். ஆம்புலன்ஸுக்கு 108. இந்த எண்ணையும், பக்கத்து ஆஸ்பத்திரியின் எண்ணையும் கல்லாவுக்கு மேலே எழுதி வைத்து, முதலுதவிப் பெட்டியைப் பூட்டாமல் வைப்பது உத்தமம். முதலாளி வெளியே போயிருக்கும் நேரத்தில் பையன்கள் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது.