செராஸில் ஒரு ஹோஸ்டிங் கடை

கோலாலம்பூரின் செராஸில் வலைத்தள ஹோஸ்டிங் தொழில் நடத்தும் ஒருவரின் வீட்டுக்குப் போனால், 'இதுதான் சர்வர்' என்று காட்ட அங்கே எதுவும் இருக்காது. தாமான் மிடாவிலோ தாமான் கொன்னாட்டிலோ அடுக்குமாடி வீட்டின் பின்னறை, ஒரு மேசை, லோ யாட் பிளாசாவில் பேரம் பேசி வாங்கிய கணினி, அவ்வளவுதான். இயந்திரம் வேறெங்கோ இருக்கும். கோலாலம்பூர் சங்காட் ராஜா சூலானில் உள்ள ஏய்ம்ஸ் கட்டடத்தில் இருக்கலாம், சைபர்ஜெயாவில் இருக்கலாம், வாடகை மலிவு என்பதால் சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோகூட இருக்கலாம். அதில் ஒரு பங்கை அவர் மாத வாடகைக்கு எடுக்கிறார். அதையே நாற்பது பேருக்குப் பிரித்து உள்வாடகைக்கு விடுகிறார்.

இந்த உள்வாடகை சாத்தியமானதற்குக் காரணம் 1997 ஜனவரியில் வெளியான ஹெச்டிடிபி 1.1 விதிமுறை. அதற்கு முன் ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் பெரும்பாலும் தனி ஐபி எண் வேண்டியிருந்தது. புதிய விதிப்படி, பிரவுசர் சர்வரின் கதவைத் தட்டும்போதே எந்தத் தளம் வேண்டும் என்று பெயரையும் சொல்லியாக வேண்டும். ஒரே எண்ணில், ஒரே இயந்திரத்தில், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் புடவைக்கடையும் பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் மையமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்க முடிந்தது. வாடிக்கையாளர் தானாகவே மின்னஞ்சல் முகவரி உருவாக்க, கோப்பு ஏற்ற, கடவுச்சொல் மாற்ற ஒரு கட்டுப்பாட்டுப் பலகை வேண்டுமல்லவா? அதற்குத்தான் சிபேனல்.

ஹோஸ்டிங் தொழில் சொந்த நிரலுக்கு எப்படி இடம் தருகிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம். அந்த சிபேனலின் பிறப்பே அதற்கு நல்ல சாட்சி. 1996-இல் அமெரிக்காவில் ஸ்பீட் ஹோஸ்டிங் என்ற நிறுவனத்தின் சொந்த உபயோகத்துக்காக நிக் கோஸ்டன் எழுதியது அது. அந்த நிறுவனம் இன்று இல்லை. அதன் உள்வேலைக்காக எழுதிய நிரல்தான் உலகெங்கும் விலைபோகிறது.

ட்ரீம்ஹோஸ்டின் கதை இன்னும் சுவையானது. கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் 1990-களின் நடுவில் தொடங்கிய ஹோஸ்டிங் நிறுவனம் அது. நால்வரில் ஒருவரான சேஜ் வைல் பிறகு முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போனார். பல இயந்திரங்களின் வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் ஒன்று செத்தாலும் தரவு சாகாமல் பார்த்துக்கொள்ளும் செஃப் என்ற சேமிப்பு மென்பொருளை அங்கே எழுதினார். பட்டம் வாங்கியபின் ட்ரீம்ஹோஸ்டில் இருந்துகொண்டே அதை வளர்த்தார். 2012-இல் அது இங்க்டேங்க் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2014-இல் ரெட் ஹேட் நிறுவனம் அதை 17.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. மாதச் சந்தாக்காரர்களின் சில்லறைக் காசு ஓர் ஆராய்ச்சிக்குச் சோறு போட்டது என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

மலேசியாவுக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு. 2001-இல் பினாங்கில் சான் கீ சியாக் மாணவராக இருந்தபோதே தொடங்கிய எக்ஸாபைட்ஸ், இன்று இந்த வட்டாரத்தின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று. ஆனால் இந்தத் தொழிலில் இறங்கும் பெரும்பாலோர் எக்ஸாபைட்ஸ் ஆவதில்லை. ஆக விரும்புவதும் இல்லை. பகலில் பாங்சாரிலோ சைபர்ஜெயாவிலோ வேலை, இரவில் சொந்த நிரல், இடையில் நாற்பது வாடிக்கையாளர். இந்த மூன்றாவது எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். நாற்பது பேர், தலைக்கு ஆண்டுக்கு 200 ரிங்கிட், ஆக 8,000. சர்வர் வாடகை மாதம் 300 என்றால் ஆண்டுக்கு 3,600 போய்விடும். அடுத்து சிபேனல் உரிமம். முன்பெல்லாம் ஒரு சர்வருக்கு ஒரு விலை, அதில் எத்தனை பேரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2019 ஜூனில் அந்நிறுவனம் முறையை மாற்றி, கணக்குகளின் எண்ணிக்கைப்படி கட்டணம் என்று அறிவித்தது. நூறு கணக்கு வரையுள்ள திட்டத்துக்கு அப்போது மாதம் 45 டாலர், ஏறக்குறைய 190 ரிங்கிட். ஆண்டுக்கு 2,280. மிஞ்சுவது 2,120, மாதத்துக்கு 180 ரிங்கிட்கூட இல்லை. இதில் பேக்கப் வைக்க இன்னோர் இடத்துக்கான வாடகையைக் கழிக்கவில்லை. அதன்பின் சிபேனல் விலை பலமுறை ஏறியும்விட்டது.

முன்பு தளத்தின் பாதுகாப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் விற்பதில் சிறிது காசு பார்க்க முடிந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. இணையத்துக்கு நல்ல காரியம். சின்னக் கடைக்காரருக்கு ஒரு வருமான வழி அடைபட்டது.

ஆக, இது பிழைப்புக்கான தொழில் அல்ல. நிரல் எழுதுபவருக்கு இது வேறொன்றைத் தருகிறது: எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், தன் செலவைத் தானே ஏற்கும் ஓர் இயந்திரம், அதில் உண்மையான மனிதர்கள். சொந்தக் கணினியில் மட்டும் ஓடும் நிரல் அதை எழுதியவரிடம் ஒருநாளும் குறை சொல்லாது. கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர் சொல்வார். தைப்பூசத்துக்கு முந்தைய இரவு புலனத்தில் குரல்பதிவு வரும்: "தம்பி, நம்ம கோயில் வெப்சைட் தொறக்க மாட்டேங்குதுப்பா, பால்குடம் பதிவு பண்ணணும்னு ஆளுங்க கேக்கறாங்க." ஆண்டு முழுக்கத் தூங்கும் தளத்துக்கு ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். பக்கத்தை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே பரிமாறும் கேஷிங் முறையைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும் அந்த இரவில் கற்றுக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

தமிழ்த் தளங்கள் தரும் பாடம் தனி ரகம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வேண்டும்; 'கோ' போன்ற எழுத்துக்கு இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆனால் பல ஹோஸ்டிங் சர்வர்களில் இருக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2018-இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, யாரும் மாற்றாவிட்டால், லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையையே கையாண்டது. தளம் தமிழை அனுப்பும். தரவுத்தளம் அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துப் பத்திரப்படுத்தும். திருப்பிக் கேட்டால் அப்படியே கொடுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேறு சர்வருக்கு மாற்றும் நாளில்தான் விபரீதம் வெளிப்படும். கவிதை இருந்த இடத்தில் தலையில் கீறல் போட்ட ஆங்கில 'ஏ' எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. பைட்டுகள் கெடவில்லை, அவற்றின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் தவறு. எனவே தரவுத்தளத்தில் அந்த எழுத்துகள் இருக்கும் நெடுவரிசையை முதலில் வெறும் பைனரியாக மாற்றி, பிறகு யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் தமிழ் திரும்பி வந்துவிடும். இடைப்படியை விட்டு நேரடியாக மாற்றினால் குப்பையே யூடிஎஃப்-8 ஆகப் பதிவாகிவிடும். எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகவே பதிவாகியிருந்தால் பழைய பேக்கப் ஒன்றுதான் கதி. பெரிய நிறுவனத்தின் உதவி மையத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். தமிழ் படிக்கத் தெரிந்த சின்ன ஹோஸ்டிங்காரர் இதற்கென்று ஒரு நிரலே எழுதி வைத்திருப்பார். அவர் கடையின் உண்மையான சரக்கு அதுதான்.

பேக்கப் என்றதும் இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வரவேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றாக எரிந்தது. சர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அதற்கு முன் 2017 ஜூனில் தென்கொரியாவின் நயானா என்ற ஹோஸ்டிங் நிறுவனம் பிணைப்பண வைரஸில் சிக்கியது. 153 லினக்ஸ் சர்வர்கள், 3,400 வாடிக்கையாளர்களின் தளங்கள் பூட்டப்பட்டன. ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் கொடுத்துத்தான் சாவியை வாங்கினார்கள். செராஸ்காரரின் நாற்பது தளங்களுக்கு அவ்வளவு பெரிய ஆபத்து வராது என்று சொல்ல முடியாது. ஒரு வாடிக்கையாளரின் பழைய வேர்ட்பிரஸ் செருகுநிரல் வழியாக யாரோ நுழைந்து குப்பை அஞ்சல் அனுப்பினால் போதும். குப்பை அஞ்சலைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் கறுப்புப் பட்டியலில் ஐபி எண் ஏறிவிடும். ஒரு பாவமும் அறியாத மற்ற முப்பத்தொன்பது பேரின் அஞ்சலும் திரும்பிவரத் தொடங்கும்.

சொந்த நிரலுக்கான இரவுகளை இந்தத் தொல்லைகள்தான் தின்கின்றன. ஆனாலும் மலேசியத் தமிழருக்கு இரவுநேர நிரல் புதிதல்ல. கணினியில் தமிழ் எழுத உதவும் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' 1985-இல் பிறந்தது. பின்னாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய காலத்திலும் அவர் அதைக் கைவிடவில்லை. கைப்பேசிக்கான 'செல்லினம்' அதன் தொடர்ச்சி.

பகல் வேலை இருப்பவருக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. இன்று உலகின் மிகப் பல தளங்களைத் தாங்கும் எஞ்சின்-எக்ஸ் சர்வரை ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கினார். அப்போது அவர் ராம்ப்ளர் நிறுவனத்தில் சிஸ்டம் நிர்வாகி. 2019-இல் எஃப்5 நிறுவனம் அதை 67 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த நிரல் தமக்கே சொந்தம் என்று ராம்ப்ளர் புகார் கிளப்ப, எஞ்சின்-எக்ஸின் மாஸ்கோ அலுவலகத்துக்குள் போலீஸ் நுழைந்தது. பிறகு ராம்ப்ளர் குற்ற வழக்கிலிருந்து பின்வாங்கியது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியின் பகுதியாக எழுதியது முதலாளிக்கே என்கிறது. அலுவலக மடிக்கணினியில் அலுவலக நேரத்தில் சொந்த நிரலைத் தொடாமல் இருப்பதும், வேலை ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவதும் உத்தமம்.

அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மேகக்கணினி மையத்தைத் திறந்துவிட்டது. மைக்ரோசாப்டும் கூகுளும் ஆளுக்குச் சுமார் 200 கோடி டாலர் முதலீட்டை அதே ஆண்டு மே மாதம் அறிவித்தன. புடவைக்கடைக்காரர் அங்கே போவதை யாரும் தடுக்கவில்லை. அங்கே "அண்ணே" என்று கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை என்பதால் போகாமல் இருக்கிறார்.

அந்த அண்ணன் நோயில் படுத்தாலோ வேறு நாட்டுக்குப் போனாலோ என்ன ஆகும்? இந்தத் தொழிலின் பலவீனமான இடம் இதுதான். தளத்தின் கோப்புகளை வேறு சர்வருக்கு மாற்றிவிடலாம். சிபேனல் பேக்கப் ஒன்று கையிலிருந்தால் ஒரு மணி நேர வேலை. டொமைன் பெயர் அப்படியல்ல. அது ஹோஸ்டிங்காரரின் பெயரில் பதிவாகியிருந்தால் பதிவேட்டின்படி உரிமையாளர் அவரே. கடை வைத்திருப்பவர்களும் கோயில் குழுவினரும் டொமைன் பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். மலேசியாவின் '.மை' பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் மைநிக்கின் தேடல் பக்கத்திலேயே தொடங்கலாம்.